விடைபெறுவோர் பக்கம்

— இல்லம்மா, முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. "விடைபெறுவோர்"னு தலைப்பு போட்டு, மூணாவதா என் வீட்டுக்காரி பேரு. இதை அடிச்சது நீதானே?

— நான்தான் அண்ணா. இந்த ஆபீஸ்ல மாசாமாசம் செய்தி மடல் போடுறது வேற யாரு? முதல்ல உக்காருங்க. அக்கா, நீங்க அந்த ஜன்னலோர நாற்காலிக்கு வாங்க, அதுக்குத்தான் கைப்பிடி இருக்கு. மெதுவா. ஆங், அப்படித்தான். அண்ணா, இது இன்னும் அச்சுக்கே போகலையே, உங்க கைக்கு எப்படி வந்துது?

— காலையில நீயே போட்டிருக்கே, பிழை இருந்தா சொல்லுங்கன்னு, உங்க ஆபீஸ் குரூப்ல. அவ போன் என் சட்டைப் பையிலதானே கிடக்கு.

— அட, அக்கா இன்னும் அந்தக் குரூப்ல இருக்காங்கன்னு எனக்குத் தோணவே இல்லை.

— தோணாதும்மா. அஞ்சு மாசமா வாய் திறக்காதவ யார் ஞாபகத்துக்கு வருவா.

— அப்படிப் பேசாதீங்க. பக்கவாதம்னு கேள்விப்பட்ட அன்னிக்கு இந்த ஆபீஸ்ல யாரும் சாப்பிடலை. பேச்சுப் பயிற்சி டீச்சருக்கே பேச்சு போயிடுச்சேன்னு வேன் டிரைவர் உக்காந்து அழுதார். எனக்கு மட்டும் மறந்துடுமா? வேலை அப்படி அண்ணா. போன் எடுக்கணும், லீவு ரெஜிஸ்டர் பாக்கணும், நடுவுல இந்த மடல் வேற. என்னமோ, ஓடுது.

— பாரும்மா, நான் சண்டைக்கு வரலை. வயரிங் வேலை பாக்குறவன், எனக்கு ஆபீஸ் பேச்சு வராது. கீழ இருந்து இருபத்திரெண்டு படி, ஒவ்வொண்ணா ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கேன். எல்லாம் எதுக்கு? அவளை நீங்க கண்ணால பாக்கணும். நடக்குறா. கை தூக்குறா. சொன்னா எல்லாம் புரியுது. வந்து பாத்தா அவ மேஜையில அட்டைப் பெட்டி அடுக்கி வெச்சிருக்கீங்க.

— அது பரீட்சைத் தாள் கட்டு அண்ணா. வைக்க இடமில்லாம வெச்சது. அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கண்ணாடி, படச் சீட்டு எல்லாம் இழுப்பறைக்குள்ள பத்திரமா இருக்கு.

— எங்க, நீ எழுதினதைப் படி. அவளும் கேக்கட்டும்.

— வேண்டாம் அண்ணா.

— அப்போ நான் படிக்கிறேன். "பதினெட்டு ஆண்டுகள் பதினாறு பள்ளிகளில் பணியாற்றிய நம் பேச்சுப் பயிற்சி ஆசிரியை, உடல்நிலை காரணமாக இம்மாதத்துடன் விடைபெறுகிறார். அவர் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்." அடுத்த வரி என்ன தெரியுமா? மனநல ஆலோசகருக்கு ரெட்டைக் குழந்தை. அதுக்கடுத்து வேனுக்குப் புது பேட்டரி. பதினெட்டு வருஷம் உழைச்சவளுக்கு ரெண்டு வரி, பேட்டரிக்கு மூணு வரி.

— பேட்டரியை டிரைவரே எழுதிக் கொடுத்தார், நான் கை வைக்கலை. அக்காவுக்கு ஒரு பக்கம் எழுதி வெச்சிருந்தேன் அண்ணா. படிச்சுப் பாத்தா செத்துப் போனவங்களுக்கு எழுதின மாதிரி இருந்துது. கிழிச்சுப் போட்டுட்டேன். எனக்கு எழுதவும் தெரியலை. போன வருஷம் நூலகருக்குப் "பணி நிறைவு வாழ்த்து"ன்னு அடிக்க வேண்டியதைப் "பிணி நிறைவு வாழ்த்து"ன்னு அடிச்சு, நூத்தம்பது பிரதி போயிடுச்சு. நல்லவேளை, அவர் சிரிச்சுட்டு, மூட்டுவலி நின்னா சரிதான்னுட்டார்.

— இவளுக்கு ரெண்டுமே நிறையலை. பணியும் இல்லை, பிணியும் இல்லை.

— அண்ணா, நான் ஒண்ணு கேக்குறேன். இங்க இருந்து ஒரு கடிதம் வந்திருக்குமே உங்க வீட்டுக்கு. மருத்துவ விடுப்பு முடியுது, விருப்பத்தை எழுதிக் கொடுங்கன்னு.

— வந்துது.

— அக்காகிட்ட காட்டினீங்களா?

— அலமாரி மேல இருக்கு.

— காட்டலையா?

— எப்படிக் காட்டுறது? தினமும் காலையில எழுப்பும்போது, "எழுந்திரு, ஒண்ணாம் தேதி ஆபீஸ் போகணும்"னு சொல்லித்தான் எழுப்புறேன். அந்த ஒரு பேச்சுக்குத்தான் காலைத் தரையில ஊன்றுறா. ஒண்ணாம் தேதி வந்தா அடுத்த ஒண்ணாம் தேதின்னு சொல்லுவேன். அதைப் பிடுங்கிட்டு நான் என்னத்தைச் சொல்லி எழுப்புறது, நீயே சொல்லு.

— மெதுவா பேசுங்க. கேட்டுட்டு இருக்காங்க.

— கேக்கட்டும். அவளுக்குத் தெரியாததா. ஏய், இங்க பாரு. இவங்ககிட்ட நீயே சொல்லு. திரும்ப வேலைக்கு வர்றியா, இல்லையா?

— சாவி.

— கேட்டியாம்மா? வரேங்கிறா.

— சாவின்னுதானே சொன்னாங்க?

— அது அப்படித்தான். எதுக்கும் முதல்ல சாவிதான் வரும். தண்ணி வேணும்னா சாவி, ஜன்னலைச் சாத்துன்னா சாவி. மூளையில வார்த்தை எல்லாம் பத்திரமா இருக்கு, வெளிய வர்ற வழியில கோளாறுன்னு டாக்டர் சொன்னார். "போதும்", "வேண்டாம்", "வந்துது", இதெல்லாம் இப்போ தெளிவா சொல்றா. போன வாரம் என்னைத் திட்டினா. முழுசா புரியலை, ஆனா திட்டுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

— சரி, இப்போ சொன்ன சாவி "வரேன்"னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இருபத்தாறு வருஷம் கூட இருக்கேன்மா.

— ஒரு நிமிஷம் இருங்க, போன். வணக்கம், வட்டாரக் கல்வி உதவி மையம். ஆமா டீச்சர், நான்தான். இல்லை டீச்சர், இன்னும் ஆள் போடலை. தெரியுது. தெரியுது டீச்சர், போன வாரமும் சொன்னீங்க. நான் மேல சொல்லிட்டுத்தான் இருக்கேன். அந்த அம்மா இன்னும் வந்து நிக்கிறாங்களா? சரி. சரி டீச்சர், இந்தத் தடவை எப்படியும். வெச்சிடுறேன்.

— யாரு?

— ஒண்ணுமில்லை, ஒரு பள்ளிக்கூடம்.

— எந்தப் பள்ளிக்கூடம்? என்ன ஆள் போடலைங்கிறே?

— விடுங்க அண்ணா. தினமும் வர்றதுதான்.

— என் முகத்தைப் பாத்துச் சொல்லும்மா.

— ஆத்தோரப் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை பேசினாங்க. அங்க அக்காவுக்குச் செவ்வாய்க்கிழமை. ஆறு வயசுல ஒரு பொண்ணு, காது மிஷின் போட்டது. அக்கா ஒரு வருஷம் போராடி அதை "அம்மா" சொல்ல வெச்சிருந்தாங்க. இப்போ நின்னு போச்சாம். மறுபடியும் விரலைக் காட்டித்தான் எல்லாம். செவ்வாய்க்கிழமை ஆனா அது அக்கா உக்கார்ற நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு வெச்சுட்டு எதிர்ல உக்காந்திருக்காம். அதோட அம்மா கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்க, பேச்சு டீச்சர் வந்தாச்சான்னு கேக்க.

— அஞ்சு மாசமாவா?

— அது ஒரு பள்ளிக்கூடம். இன்னும் பதினஞ்சு இருக்கு. மொத்தம் நாப்பத்தொரு பிள்ளைங்க.

— வேற ஆளை அனுப்ப வேண்டியதுதானே? இவ்வளவு பெரிய ஆபீஸ்ல ஆளா இல்லை?

— அண்ணா, அதைத்தான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். பெரிய சார் "நீயே பக்குவமா சொல்லிடும்மா"ன்னுட்டு ஆய்வுக்குக் கிளம்பிட்டார். திங்கக்கிழமைதான் வருவார். அவருக்கென்ன.

— பக்குவம் எல்லாம் வேண்டாம். சும்மா சொல்லு.

— இந்த ஆபீஸ்ல பேச்சுப் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம்தான். அதுல அக்கா பேரு இருக்கிற வரைக்கும் அது காலியிடம் கிடையாது. காலியிடம் இல்லாம புது ஆளுக்கு ஆணை போட மாட்டாங்க. மடல் அச்சுக்குப் போகும்போது, அதுல "விடைபெறுவோர்"ல இருக்கிற பேரை வெச்சுத்தான் காலியிடப் பட்டியலும் மேலிடத்துக்குப் போகும். இன்னிக்குச் சாயங்காலம் போகலைன்னா அடுத்த மாசம்தான்.

— ஓஹோ. அப்போ நாப்பத்தொரு பிள்ளைங்களுக்கும் குறுக்க நிக்கிறது நான்தான்னு சொல்றே.

— நான் அப்படிச் சொல்லலை.

— வேற எப்படிம்மா அதைச் சொல்றது?

— உங்களை மட்டும் சொன்னா நான் நல்லவளாயிடுவேனா? மூணு மாசமா இந்தப் பட்டியல் என் கையிலதான் இருக்கு. ஒவ்வொரு மாசமும் அக்கா பேரை "விடைபெறுவோர்"ல அடிப்பேன். அச்சுக்குப் போற அன்னிக்கு எடுத்து "விடுப்பில் உள்ளோர்"ல போட்டுடுவேன். பெரிய சார் கேட்டா, மறந்துட்டேன் சார்ம்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல எனக்குத் திக்குவாய். போன் அடிச்சா கக்கூஸ்ல போய் ஒளிஞ்சுக்குவேன். பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வந்த களைப்போட, மதியம் மதியம் எனக்கும் சொல்லிக் கொடுத்தாங்க உங்க வீட்டுக்காரி. அவங்க பேரை என் கையால எப்படி எடுப்பேன்? எடுக்காம இருந்தா அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு நான்தான் போன்ல பதில் சொல்லணும். எனக்குச் சலிச்சுப் போச்சு அண்ணா.

— இதெல்லாம் அவ சொன்னதே இல்லை.

— யார் கதையையும் வெளிய சொல்ல மாட்டாங்க.

— நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. அவ பிள்ளைங்களுக்குன்னு எழுதி வெச்ச நோட்டு ஒண்ணு இருக்கு. அதை வெச்சுத்தான் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்குறேன். கண்ணாடியை எதிர்ல வெச்சு, உதட்டைச் சேர்த்து "ம", உதட்டைத் திறந்து "மா". பெருசு பெருசா யானை, பூனை படம். அவ என்னைப் பாத்துட்டு உக்காந்திருப்பா. அந்தப் பார்வையில என்ன இருக்குன்னு எனக்குப் புரியாது. ஊரான் பிள்ளை எல்லாம் அவகிட்ட பேசக் கத்துக்குது, என்னால அவகிட்ட இருந்து ஒரு வாக்கியம் வாங்க முடியலை.

— அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அந்த ஒண்ணாம் தேதி அக்காவுக்குத் தேவையா, உங்களுக்குத் தேவையா?

— தெரியலைம்மா. ரெண்டு பேருக்கும்னு வெச்சுக்கோ. வேலை போச்சுன்னு ஆயிட்டா, அப்புறம் அவ நோயாளி, நான் நோயாளி பாத்துக்குறவன். அவ்வளவுதான் வீடு. இப்போ அப்படி இல்லை. இப்போ லீவுல இருக்கிற டீச்சர் அவ.

— புரியுது.

— ஒரு மாசம். ஒரே ஒரு மாசம் கொடு. அதுக்குள்ள அவளுக்குக் கொஞ்சம் பேச்சு வந்துடும். வரலைன்னா நானே அந்தக் கடிதத்துல கைநாட்டு வாங்கிக் கொண்டு வந்து கொடுக்குறேன். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

— ஐயோ, கையை எடுங்க அண்ணா. அக்கா பாக்குறாங்க.

— பாக்கட்டும்.

— அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?

— நான் சொல்றேன். நம்பரைக் கொடு, அந்தம்மாகிட்ட நானே பேசுறேன்.

— நீங்க பேசி என்ன பண்ண? சரி. இருங்க. மேல கேட்டா நாலாவது தடவையும் மறந்துட்டேன்னு சொல்லிக்கிறேன். திட்டு வாங்குறது எனக்கென்ன புதுசா. இதோ, "விடைபெறுவோர்"ல இருந்து எடுத்தாச்சு. "விடுப்பில் உள்ளோர்"ல போட்டாச்சு. நீங்களே திரையில பாத்துக்கோங்க.

— நல்லா இருப்பேம்மா. நீ நல்லா இருப்பே.

— அதெல்லாம் இருக்கட்டும். அக்காவை மெதுவா இறக்கிக் கூட்டிட்டுப் போங்க. டிரைவர் இருந்தா வேன்ல விடச் சொல்றேன்.

— கேட்டியா? ஏய், இந்தப் பக்கம் திரும்பு. உன் பேரு அப்படியே இருக்கு. யாரும் எடுக்கலை. ஒண்ணாம் தேதி நாம வர்றோம். ஏன் அழுறே? அதான் எல்லாம் சரியாயிடுச்சே. எழுந்திரு, என் தோளைப் பிடி. என்ன வேணும்? கையை எதுக்கு அந்தம்மா பக்கம் நீட்டுறே? என்ன, சாவியா?

— புது... டீச்சர்... எப்போ... வருவாங்க?