வெளிச்சம் பட்டால் வெள்ளை

தம் வீட்டுக் குளியலறையை இருபது ஆண்டுகளாக நம் எல்லாருக்கும் இருட்டறையாகத் தந்திருக்கும் தலைவர் என்சிக் ரிட்சுவான் அவர்களே. அவ்வளவு காலமும் அக்கம்பக்கத்தில் குளித்துவிட்டு வந்த அவருடைய துணைவியார் அவர்களே. முக்காலி சுமந்து தோள் சரிந்த மூத்தவர்களே. கணவன்மார் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்திருக்க, நடுவெயிலில் அவர்களுக்குக் குடை பிடித்து நின்ற தாய்மார்களே. மேடானிலிருந்தும் சியாங் மாயிலிருந்தும் செபுவிலிருந்தும் தைப்பிங் மழைக்கு அஞ்சாமல் வந்திருக்கும் 'தெர்பாலிக்' குடும்பத்தாரே. அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

என்னை நீங்கள் 'சிக்கு' என்று அழைக்கிறீர்கள். மலாய் மொழியில் அது ஆசிரியரைக் குறிக்கும் சொல். என் தாய்மொழியில் சிக்கு என்றால் தலைமுடியில் விழும் முடிச்சு. இரண்டும் எனக்குப் பொருந்தும். எப்படி என்பதைச் சொல்லத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

'தெர்பாலிக்' என்றால் தலைகீழ். நம் பெரிய கேமராவின் பின்கண்ணாடியில் உலகம் தலைகீழாகத்தானே தெரிகிறது? அதனால் அந்தப் பெயர். இணையத்தில் நம் குழு தொடங்கியபோது எத்தனை பேர்? பதினொருவர். அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வரும், வரும்போதே கீச்சிடும். ஒருவர் படம் போட்டால் அது மேலிருந்து வரிவரியாக இறங்கும். முதலில் வானம். ஒரு கோப்பி குடித்து முடித்த பிறகு இலை. இரண்டாம் கோப்பிக்குப் பிறகுதான் ஆளின் கால். காத்திருந்தோம். காத்திருப்பது கடினமாகவா இருந்தது? காத்திருக்கத் தெரிந்தவர்கள்தானே அங்கே கூடியிருந்தோம்.

ஆறு ஆண்டுகளில் நாற்பத்தோரு பேரானோம். அப்போதுதான் காம் லான் எழுதினார். பல் மருத்துவமனைத் தாதி. இதோ, மண்டபத்தின் கடைசியில் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறாரே, அவர்தான். அவருடைய தந்தை ஃபூ வெங் சாங், ஈயச் சுரங்கத்தில் வரைபடக்காரராக இருந்தவர், அப்போதுதான் காலமாகியிருந்தார். ஒரு மரக் கேமராவும் மூன்று பிலிம் சட்டங்களும் விட்டுப்போயிருந்தார். சட்டத்துக்கு இரண்டு பிலிம் தாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடி. ஆக ஆறு தாள். "எல்லா மூடியிலும் வெள்ளை ஓரம்தான் வெளியே தெரியுது. இதுல படம் இருக்கா, இல்ல புதுசா?" என்று கேட்டிருந்தார்.

உங்களுக்குத் தெரியும். தாளில் வெளிச்சம் படாமல் காக்கும் அந்த மூடியின் ஓரத்தில் ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. படம் எடுக்காதவரை வெள்ளை. எடுத்தபின் திருப்பிச் செருகினால் கறுப்பு. முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் பதில் சொல்லிப் பழகியவன் நான். மூன்றே நிமிடத்தில் எழுதினேன்: "வெள்ளை என்றால் வெறுமை. தயங்காமல் எடுங்கள்."

என்ன அழகான வாக்கியம். என்ன அநியாயமான வாக்கியம்.

அவர் நம்பினார். ஏரிக்கரைக்குப் போய், தண்ணீரைத் தொடச் சாய்ந்திருக்கும் தூங்குமூஞ்சி மரத்தை ஒரே ஒரு படம் எடுத்தார். ரிட்சுவான் அதைக் கழுவினார். மறுநாள் காலை அவரிடமிருந்து எனக்குத் தொலைபேசி.

"சிக்கு, உக்காந்திருக்கீங்களா?"

"ஏன்யா, சொல்லு."

"மரத்துக்குள்ள ஒரு அம்மா உக்காந்திருக்காங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். மர நிழலுக்குள் பூப்போட்ட சட்டை, மடியில் இரண்டு கை, மூங்கில் நாற்காலி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஏரியின் வெளிச்சம். ஏற்கெனவே எடுத்த தாளின் மேல் இன்னொரு படம். காம் லானை நான்தான் அழைத்தேன். பூப்போட்ட சட்டை என்று சொன்னேன்.

"அம்மா செத்து நாலு வருஷம் ஆச்சு சிக்கு. கேமராவப் பாத்தா முகத்த மூடிக்குவாங்க. அடையாள அட்டையில இருக்குற படத்தத் தவிர எங்ககிட்ட ஒண்ணும் கெடையாது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேறெதையோ நினைத்துக்கொண்டிருந்தார். "அப்பா சொல்லுவாரு, வெளிச்சம் பட்டா வெள்ளைன்னு. நான் ஏதோ ஒளிக்கணக்கப் பத்திச் சொல்றாருன்னு நெனச்சேன். இதத்தான் சொல்லியிருக்காரு."

பாருங்கள். அதுவும் நியாயம்தானே? வெளிச்சம் படாதது கறுப்பு; வெளிச்சம் பட்டது வெள்ளை. நம் ஊர் முழுக்க ஒரு வழக்கம். அந்த வீட்டில் மட்டும் தெர்பாலிக்.

மிச்சம் ஐந்து தாள். எந்த ஆண்டுப் பிலிம்? தெரியாது. எவ்வளவு நேரம் கழுவுவது? தெரியாது. தவறினால், அடையாள அட்டைக்கு வெளியே அந்த அம்மாவின் முகம் இந்த உலகத்தில் இல்லை. அன்றே குழுவில் எழுதினேன்: "தவறு என்னுடையது. உதவுங்கள்." நாற்பத்தோரு பேரில் ஒருவர்கூட என்னைக் கேலி செய்யவில்லை. (சுப்பியான், பின்வரிசையில் கை தூக்காதீர்கள். நீங்கள் அடுத்த வாரம் செய்தீர்கள்.) மேடானில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்த ஈபு ஸூலியானி எழுதினார்: "அஞ்சையும் ஒண்ணா முக்கிடாதீங்க. ஒண்ண மட்டும் கழுவுங்க, பாருங்க, எங்களுக்குச் சொல்லுங்க. அவசரப்பட்டவரு ஒருத்தரு போதும்."

அந்த ஒருவர் நான்தான்.

முதல் தாள் புகைபோல வந்தது. கழுவும் நேரத்தைக் கூட்டச் சொன்னார் ஈபு ஸூலியானி. இரண்டாவதில் நாற்காலி, அம்மா எழுந்து போய்விட்டிருந்தார். மூன்றாவதில் கையால் மறைத்த முகம். நான்காவதில் முதுகு. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வாரம் இடைவெளி. அந்த ஐந்து வாரங்களில் யார் யாரோ நம் இணைய வாசலுக்கு வந்தார்கள். கேமராவே இல்லாதவர்கள் வந்தார்கள். "அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்பதற்காகவே பெயர் பதிந்தவர்கள் அறுநூறு பேர். இன்று ஒன்பதாயிரமாக நிற்கும் இந்தக் குடும்பம் எதனால் வளர்ந்தது? விளம்பரத்தாலா? வித்தையாலா? ஓர் அம்மாவின் முகத்துக்காகக் காத்திருந்து வளர்ந்தது.

ஐந்தாவது தாளை ரிட்சுவான் தண்ணீரிலிருந்து தூக்கினார். பக்கத்தில் காம் லான். வாசலில் நான்.

முகம் இருந்தது. கண் நேராக நம்மைப் பார்க்கிறது. கை மடியில். எல்லாம் கூர்மை, வாய் மட்டும் கலங்கியிருக்கிறது.

"அசைஞ்சிருச்சு," என்றார் ரிட்சுவான், வருத்தத்தோடு.

"அசையல," என்றார் காம் லான். "திட்டுறாங்க. சோறு ஆறுதுன்னு அப்பாவத் திட்டுறாங்க. எனக்குக் கேக்குது."

அந்தத் தாள்களை அவர் தந்தை ஏன் கழுவாமலே வைத்திருந்தார்? யாரும் கேட்கவில்லை. நானும், வாழ்க்கையில் முதல்முறையாக, பதில் சொல்லவில்லை.

அன்று முதல் நம் குழுவில் சேரும் ஒவ்வொருவரிடமும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: "உங்க வீட்டுல வெள்ளைன்னா என்ன?" பதில் எதுவானாலும் சேர்த்துக்கொள்கிறோம். கேட்காமல் மட்டும் சேர்ப்பதில்லை. அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் இருக்கலாம். சொல்லுமுன் கேட்பவர் கூடும் இடம்தானே குடும்பம்?

பேச வாய்ப்பளித்த தலைவருக்கு நன்றி. ஐந்து வாரம் என் கையைப் பிடித்து நடத்திய ஈபு ஸூலியானிக்கு நன்றி. மழையைப் பொருட்படுத்தாமல் அமர்ந்திருக்கும் உங்களுக்கு நன்றி. இனி எல்லாரும் பின்னால் திரும்புங்கள். காம் லான் நம்மைப் படமெடுக்கப் போகிறார். இருப்பது ஒரே தாள்; அதில் வெளிச்சம் விழ நான்கு விநாடி.

காம் லான், மூடியில என்ன தெரியுது?

கறுப்பாம். அவர் வீட்டு வழக்கப்படி, இன்னும் வெளிச்சம் படாத தாள்.

அசையாமல் இருங்கள். பேசியே ஆகவேண்டும் என்பவர்கள் பேசுங்கள். வாய் மட்டும் கலங்கும். பின்னொரு நாள் யாருக்காவது அது கேட்கும். வணக்கம்.