பஞ்சர் ஆகாத டயர்

— விரலை விட்டுடாதீங்க. பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க.

— பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். நீ முதல்ல அந்த மாஸ்க்கைக் கழட்டும்மா. இந்தக் குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேன்.

— மாமா...

— அடிப்பாவி, நீயா! குத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?

— சொன்னா உக்காந்திருப்பீங்களா?

— அது இருக்கட்டும். நீ இங்க என்ன பண்றே? என் கொழுந்தியா பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். இது டயர் கடை குட்டி. தலைக்கு மேல பாரு, டியூப் தொங்குது.

— லாரி ஓட்டுறவங்க ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கறாங்க மாமா. அதான் பெட்டியைத் தூக்கிட்டு நாங்களே வந்துட்டோம். காலையிலருந்து இந்த ரூம்லதான் கிடக்கேன். ஃபேன் ஓடல. கிரீஸ் வாடை தலைக்குள்ள ஏறி உக்காந்திருக்கு.

— ஆஸ்பத்திரிக்கு எதுக்கு வரணும்? நோய் இருக்கறவன் வருவான்.

— நோய் வராம இருக்கறதுக்குத்தான் இந்த ஊசி. ஹெபடைட்டிஸ் பி. ஈரலைக் கெடுக்கற கிருமி. முதல்ல ரத்தத்தைப் பாப்போம், கிருமி இல்லன்னா ஊசி போட்டு அனுப்புவோம். வெளிய போர்டு வச்சிருக்கே, படிக்கலையா?

— எங்க படிக்க விட்டான் உங்க டயர்காரன்? காத்து அடிக்கணும்னுதான் வண்டியை ஓரங்கட்டினேன். வால்வு லீக்குன்னு சொல்லி வீலைக் கழட்டிட்டான். இப்ப ஊசி போட்டுட்டு வந்தாத்தான் நட்டு முறுக்குவேங்கறான். நியாயத்தைக் கேளு குட்டி, நாலு நட்டு கையில இருந்தா அவன் நாட்டுக்கே ராஜாவா?

— அவர் எல்லார்கிட்டயும் அப்படித்தான். அவர் கடைச் சட்டம் அது. டாக்டர் சொன்னா கேக்காதவன் கூட நட்டுக்குக் கட்டுப்படறான்.

— அது என்ன தட்டு? என் ரத்தத்தை ஊத்தி அப்படியே வேடிக்கை பாத்துட்டு இருக்கே.

— கோடு வரணும். ஒரு கோடுன்னா ஒண்ணுமில்ல. ரெண்டு கோடுன்னா கிருமி இருக்கு. கொஞ்ச நேரம் ஆகும். தண்ணி குடிக்கறீங்களா?

— வேணாம். முகமே சரியில்லையே உனக்கு. சாப்பிட்டியா?

— சாப்பிட்டேன்.

— பொய் சொல்றே. அப்படியே உங்க அக்கா மாதிரி. கேட்ட உடனே 'சாப்பிட்டேன்'.

— சிஸ்டர்! உள்ள வரலாமா? ஐஸ் கொண்டாந்திருக்கேன். பெட்டி சூடாயிட்டா மருந்து வீணாப் போயிடும்னு சொன்னீங்களே.

— வாங்க டயர்காரரே. அந்த ஓரமா வைங்க.

— நில்லுய்யா. டயர்காரரே, என் வண்டி வால்வைப் பாத்தாச்சா?

— வால்வுக்கு என்ன டிரைவரே? கல்லு மாதிரி இருக்கு. புது டயராச்சே, பஞ்சரும் இல்ல, லீக்கும் இல்ல.

— அப்புறம் எதுக்குய்யா கழட்டினே?

— சிஸ்டர்தான் சொல்லுச்சு. நீல வண்டி, கண்ணாடியில ரெண்டு கிளி ஒட்டியிருக்கும், அது வந்தா மட்டும் எப்படியாவது நிறுத்தி வைங்கன்னு. மத்தவனுக்கெல்லாம் பஞ்சர் இருந்துச்சு, சுலபமாப் போச்சு. உங்களுக்குத்தான் நான் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. ஏன் சிஸ்டர், முழிக்கறீங்க? சொல்லக் கூடாதா?

— ஐஸை வச்சாச்சுல்ல? நீங்க போங்க.

— போறேன், போறேன். டிரைவரே, கோவிச்சுக்காம கையைக் காட்டுங்க. டயர் பஞ்சரானா என்கிட்ட வருவீங்க. ஈரல் பஞ்சரானா எவன்கிட்டய்யா போவீங்க?

— போய்யா அந்தப் பக்கம்! ...குட்டி. இங்க பாரு. தரையைப் பாக்காத, என்னைப் பாரு. எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தியா?

— இந்த வழியாத்தான் வருவீங்கன்னு தெரியும்.

— யார் சொன்னது? உங்க அக்காவா? வாயைத் திற. அவதான் சொன்னாளா, என் புருஷனைப் பிடிச்சு ரத்தத்தை எடுத்துப் பாருன்னு?

— மாமா, கோடு வரட்டும். அப்புறம் பேசலாம்.

— கோடு கிடக்கட்டும். இப்பத்தான் எனக்கு எல்லாம் விளங்குது. உன்கிட்ட சொல்லக் கூடாது, நீ சின்னப் பொண்ணு. ஆனா சொல்றேன். ஒரு மாசமா உங்க அக்கா நடந்துக்கறது சரியில்ல. நான் வீட்டுக்குப் போனா பாயை எடுத்துட்டு அடுத்த ரூமுக்குப் போயிடறா. முதுகு வலியாம். என் ரேசருக்குத் தனி டப்பா. பிரஷ்ஷுக்குத் தனி டம்ளர். ஒரு நாள் கை தவறி அவ பிரஷ்ஷை எடுத்துட்டேன், ஓடி வந்து பிடுங்கறா. என்னமோ நான் சாக்கடையில முக்கி எடுத்த மாதிரி.

— அதெல்லாம் ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கறது நல்லதுதான் மாமா.

— கல்யாணம் ஆன நாள்லருந்து ஒரே ரேசர். அவ நகத்தோரம் தோல் பிஞ்சா என் பிளேடாலதான் வெட்டுவா. திட்டித் திட்டி ஓய்ஞ்சு போனேன். அப்ப எல்லாம் இல்லாத நல்லது இப்ப எங்கருந்து வந்துச்சு? சந்தேகம் குட்டி. ரோட்டுல போறவன், கண்ட இடத்துல படுக்கறவன், எவகிட்டயோ எதையோ வாங்கிட்டு வந்து நமக்குக் கொடுத்துடுவான்னு சந்தேகம்.

— அவ அப்படி நெனைக்கறவ இல்ல.

— பின்ன இந்த போர்டு யாருக்கு வச்சிருக்கீங்க? வர்றவன் போறவன் எல்லாருக்குமா? வெளிய ரெண்டு பேர் பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு. போதை ஊசி போட்டுக்கறவன், பொண்ணுங்ககிட்ட போறவன், இவங்களுக்குத்தான் இந்த மருந்தாம். அந்த வரிசையில என்னை நிக்க வச்சுட்டாளே உங்க அக்கா!

— வரிசைன்னு ஒண்ணும் இல்ல. நாங்க யாரையும் எதுவும் கேக்கறதில்ல. வந்தா, உக்காந்தா, போட்டு விட்டுடறோம். ஏன் வந்தேன்னு கேட்டா மறுநாள் ஒருத்தன் வர மாட்டான்.

— நீ கேக்க வேணாம், நானே சொல்றேன். இந்த வேலைக்கு வந்த நாள்லருந்து ஒருத்தியை ஏறெடுத்துப் பாத்ததில்ல. கிளீனர் பசங்க என்னை எப்படிக் கிண்டல் பண்ணுவாங்க தெரியுமா? சாமியார்னு பேர் வச்சிருக்காங்க. டீயைக் குடிச்சுட்டு, வண்டிக்குள்ள கதவைச் சாத்திட்டு, உங்க அக்காகிட்ட போன்ல நாலு திட்டு வாங்கிட்டுத் தூங்கற ஆள் நான். சத்தியம் பண்ணட்டுமா?

— வேணாம். நம்பறேன்.

— நம்பறவதான் டயரைக் கழட்டச் சொன்னியா?

— மாமா, குரலைக் குறைங்க. வெளிய ஆள் நிக்கறாங்க. எனக்கும் தலை வெடிக்குது.

— அந்தத் தட்டைப் பாரு. கோடு வந்துடுச்சு. எத்தனை?

— இருங்க மாமா, வெளிச்சத்துல வச்சுப் பாக்கறேன்.

— எத்தனைன்னு கேட்டேன்.

— ஒண்ணு. ஒரே ஒரு கோடுதான். இன்னும் கொஞ்சம் இருங்க... நேரம் ஆயிடுச்சு. ஒண்ணுதான். இல்ல மாமா, உங்களுக்கு இல்ல.

— பாத்தியா? இப்ப என்ன சொல்றே? ...ஏய், என்ன இது? எதுக்கு அழறே?

— அழல. வேர்வை.

— கண்ணுலயா வேர்க்கும்? அடச்சீ. என்னைப் பத்தி அவ்வளவு கேவலமாவா நெனச்சுட்டு இருந்தே? ஒரு கோடுன்னதும் உயிர் வந்த மாதிரி உக்காந்துட்டியே. உன் காலேஜுக்குப் பெட்டி தூக்கிட்டு வந்தவன் நான். உனக்குக் கூடவா சந்தேகம்?

— சட்டைக் கையை மடிங்க மாமா. இன்னைக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணு, அதுக்கப்புறம் கடைசியா ஒண்ணு. நீங்க எந்த ஊர்ல இருந்தாலும் நான் ஏற்பாடு பண்றேன்.

— எதுக்கு? சுத்தம்னு நீயே சொல்லிட்ட. சுத்தமா இருக்கறவனுக்கு எதுக்கு ஊசி?

— சுத்தமா இருக்கறவங்களுக்குத்தான் ஊசி. கிருமி வந்தப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்?

— வந்தாத்தானே? நான் தப்புப் பண்ணல, பண்ணவும் போறதில்ல. இதைப் போட்டுக்கிட்டேன்னு வையி, நாளைக்கு உங்க அக்கா என்ன சொல்லுவா? 'மடியில கனம் இல்லன்னா எதுக்குக் கையை நீட்டினே'ம்பா. ஊசி போட்டுக்கிட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். மாட்டேன்.

— யார் மேலயும் தப்பு இல்லாமலும் இது வரும் மாமா. பச்சைக் குழந்தைக்குக் கூட வரும்.

— குழந்தைக்கு வருதோ கிழவனுக்கு வருதோ, எனக்கு வராது. நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்த மாதிரி நோயை வச்சுக்கிட்டு ஒருத்தர் என் வீட்டுக்குள்ள இருந்தா, அது யாரா இருந்தாலும் சரி, என் வாசப்படியை மிதிக்க விட மாட்டேன். சாப்பாட்டுத் தட்டைத் தனியா வச்சு, ஆளைத் தனியா வச்சு, முடிஞ்சா ஊரை விட்டே அனுப்பிடுவேன்.

— தட்டுல எல்லாம் வராது. கூட உக்காந்து சாப்பிட்டா வராது.

— எதுல வந்தா எனக்கென்ன? அருவருப்புன்னு ஒண்ணு இருக்குல்ல.

— ...அப்படியா மாமா.

— ஆமா. உங்க அக்காவுக்கு அது புரியும். அதான் சந்தேகம் வந்த உடனே பிரஷ்ஷைப் பிடுங்கிட்டா. அந்த ஒரு விஷயத்துல நான் அவளைத் தப்புச் சொல்ல மாட்டேன். நான் உண்மையிலேயே அப்படிப்பட்டவனா இருந்தா அவ செஞ்சது சரிதான்.

— சரி. கிளம்புங்க. டயர்காரரே! அந்த நீல வண்டிக்கு வீலை மாட்டிடுங்க.

— என்ன சிஸ்டர், ஊசி போட்டாச்சா?

— போடல. மாட்டிடுங்க.

— அதெப்படி சிஸ்டர்? ஒருத்தனுக்கு விட்டுக் கொடுத்தா நாளைக்கு எவன் எனக்குப் பயப்படுவான்? கடைச் சட்டம் என்னாவறது?

— நான் சொல்றேன்ல, மாட்டுங்க!

— சரி சரி, கத்தாதீங்க. சிஸ்டருக்குக் கோபம் வந்து இன்னைக்குத்தான் பாக்கறேன்.

— என்ன குட்டி, முகத்தைத் திருப்பிக்கிட்டே? சரக்கு ஏத்தியாச்சு, நான் போயே ஆகணும். இந்தத் தட்டை எனக்குக் கொடு. உங்க அக்காகிட்ட காட்டறேன். ஒரு கோடுன்னு அவ கண்ணால பாக்கட்டும்.

— அதைத் தர முடியாது. குப்பையில தனியாப் போடணும்.

— அப்ப நீயே போன் பண்ணிச் சொல்லு. என் முன்னாடியே சொல்லு. 'உன் புருஷன் யோக்கியன்'னு சொல்லு. எனக்கு அது போதும். ஒரு மாசமா வீட்டுக்குப் போகவே பிடிக்கல தெரியுமா? போனா விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கேன். அவளும் சமையக்கட்டுல நின்னுக்கிட்டே இருக்கா. சண்டையாவது போடலாம்ல? போட மாட்டேங்கறா. அந்த வீட்டுல ரெண்டு பேரும் மூச்சு விடறதே ஒருத்தருக்கொருத்தர் தெரியாம விடற மாதிரி இருக்கு.

— இன்னைக்குப் போனா எப்ப திரும்புவீங்க?

— ரெண்டு வாரம் ஆகும். நேரா வீட்டுக்குப் போகலாமா, இல்ல அடுத்த லோடையும் அப்படியே பிடிச்சுக்கலாமான்னு யோசிக்கறேன். அவளுக்கு நான் வந்தா என்ன, வராட்டா என்ன?

— இருங்க. போன் போடறேன். ...அக்கா. ம். இங்கதான் இருக்காரு. இல்ல, ஒண்ணும் இல்ல, சுத்தமா இருக்காரு. ஆமாக்கா, நானே பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன். அழாதே. அழாதேன்னு சொல்றேன்ல, எனக்கும் வந்துடும்.

— அவ எதுக்கு அழறா? சந்தோஷத்துலயா?

— ...இல்லக்கா. ஊசி வேணாங்கறாரு. தப்புப் பண்ணாதவனுக்கு எதுக்குங்கறாரு. கிளம்பிட்டாரு, வீல் மாட்டிக்கிட்டு இருக்காங்க. இல்ல, எனக்கு இதுக்கு மேல தெம்பு இல்ல. காலையிலருந்து எத்தனையோ பேரைக் கெஞ்சிட்டேன், இவரையும் கெஞ்சியாச்சு. நீ சொல்லாம இனிமே நடக்காது.

— என்ன சொல்லணுமாம்? போனை இப்படிக் கொடு.

— இருங்க மாமா. ...அக்கா, நான் ஒரு வார்த்தை கூட வெளிய விடல. உன்னைக் கேக்காம சொல்ல மாட்டேன். ஆனா அவர் வேற மாதிரி நெனச்சுக்கிட்டு வீட்டுக்கே வராம இருக்கப் பாக்கறாரு. நீ சந்தேகப்படறியாம். ஆமா. அப்படித்தான் நெனச்சுட்டு இருக்காரு. ...என்ன சொல்லுவாரோ எனக்குத் தெரியாது. நல்லபடியா எடுத்துப்பாருன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ...நீயே யோசிச்சுக்கோ. சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

— குட்டி, என்ன மர்மம் இது?

— ...ம். ம். நிச்சயமா? சரிக்கா. நீ போனை வை. போய் முகத்தைக் கழுவு.

— என்னதான் சொன்னா?

— உக்காருங்க மாமா.

— நின்னுக்கறேன். சொல்லு.

— நீங்க ரோட்டுல யாரையும் ஏறெடுத்துப் பாக்கலைன்னு சொன்னீங்க. அதை அவளும் நம்பறா, நானும் நம்பறேன். உங்களை எவளும் கெடுக்கல, நீங்களும் யாரையும் கெடுக்கல.

— அப்புறம் எவகிட்டருந்து எனக்கு வந்துடும்னு இவ்வளவு பயம் உங்களுக்கு? என் வாழ்க்கையில உங்க அக்காவைத் தவிர வேற யாரு இருக்கா?

— அவகிட்டருந்துதான் மாமா. பொறக்கும்போதே எங்கம்மாகிட்டருந்து அக்காவுக்கு வந்துடுச்சு, போன மாசம்தான் அவளுக்கே தெரிஞ்சது, அது உங்களுக்கும் வந்துடக் கூடாதுன்னுதான் பாயைத் தூக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போறா.