நாயிடம் மன்னிப்பு

ராஜபாளையத்தில் ஏறிய ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எம்மவ நாய்கிட்ட மன்னிப்பு கேக்கா மதினி," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"நாய்கிட்டயா?"

"ஞாயித்துக்கிழம டிவில பொம்மப்படம் போடுதாகள்ல. அதுல கரடி, எலி வால மிதிச்சிட்டு, மூக்கோட மூக்கு உரசி மன்னிப்பு கேக்கும். பேச்செல்லாம் இந்தி. ஆனா இவளுக்குப் புரிஞ்சிருக்கு. நேத்து எங்க நாய் வால மிதிச்சவ, அது மூஞ்சிகிட்ட மூக்கக் கொண்டு போயிட்டா."

நான் முன்னால் சாய்ந்தேன். எங்கள் ராஜபாளையத்து நாய்கள் சட்டென்று கடிப்பவை.

"கடிச்சிருச்சா?" என்றாள் மற்றவள்.

"நக்கி விட்டுச்சு. பொறவு எங்கிட்ட வந்து, 'அத்தைகிட்ட நீ எப்பம்மா கேப்ப'ங்கா."

"நாத்தனாகூட இன்னும் பேச்சில்லையா?"

"தப்பு எம்மேலதான் மதினி. இப்ப அங்கதான் போறேன்."

"ஏட்டி, மூக்க உரசப் போறியா?"

"மொதல்ல அவிய கதவத் தொறக்கட்டும்."