இன்னும் இருபது நிமிஷம்

"ஹலோ… ஆங், சொல்லு கேசவா… ஆமா ஆமா, கெளம்பிட்டேன்டா, வந்துக்கிட்டே இருக்கேன்… எங்கயா? முடிச்சூர் ரோட்லதான். ஆட்டோ நகரவே மாட்டேங்குது… தெரியும், ரெண்டரை மணி டோக்கன்… தெரியும்டா, மெசேஜ் பாத்தேன்…"

சுந்தரவல்லி முடிச்சூர் ரோட்டிலும் இல்லை, ஆட்டோவிலும் இல்லை. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜூஸ் கடையில், தொங்கும் வாழைத்தார்களுக்குப் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். ஆதார் கார்டும் போட்டோக்களும் கைப்பையில் பத்திரமாக இருந்தன. சாலைக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி கேசவன், போனைக் காதில் வைத்துக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தான். இறந்துபோன அப்பா வேதாசலத்தின் இரும்புலியூர் வீட்டைச் சாம்பசிவன் என்பவருக்கு விற்கப் போகிறார்கள். வாரிசுகள் இரண்டே பேர். அக்கா கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல் கூட விற்காது.

"என்ன சொன்ன? கேக்கல… அக்காவா? இன்னொரு தடவ சொல்லு… இல்லடா, பன்னெண்டு வருஷம் ஆச்சே, காது பழகணும்ல… எனக்கு என்ன கோவம்? நான் சாலமன கட்டிக்கிட்டதுக்கு நீதானே கோச்சிக்கிட்டு வாசக் கதவ சாத்துன… சரி சரி, பழசெல்லாம் பேசல. நீ நிழல்ல நில்லு. வேர்த்து ஊத்துது பாரு… ஆங்? இல்ல, இந்த வெயில்ல வேர்க்காம என்ன பண்ணும், அதான் சொன்னேன்…"

நாக்கைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டாள். கடைக்காரர் சாத்துக்குடி ஜூஸை வைத்துவிட்டுப் போனார். மணி இரண்டு முப்பத்தைந்து.

"சாம்பசிவன் சார் என்ன சொல்றாரு?… மூணு மணிக்கு ராகு காலமா? அட ஆமா, செவ்வாக்கிழமை இல்ல… அதுக்கு முன்னாடி கையெழுத்து விழணும்… ஆமா… நாலரைக்கு மேல உள்ள எடுக்க மாட்டாங்க, அதுவும் சரிதான்… நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில வீடு வாங்க மாட்டாரு, ஆவணி வரைக்கும் காத்திருக்கவும் மாட்டாரு. வேற எடம் கையில வெச்சிருக்காரு. ம்… ம்… பாவம்டா நீ."

அவன் சொல்வதில் எதுவுமே அவளுக்குப் புதிதில்லை. போன வாரம் அவன் இந்தத் தேதியைச் சொன்னபோதே சமையலறையில் மாட்டியிருந்த தேதி காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டாள். ஆனியின் கடைசி நாள், செவ்வாய், மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். பார்த்த அடுத்த நொடி சரிடா என்றாள். அக்கா இவ்வளவு சுலபமாக மசிந்துவிட்டாளே என்று அவன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்திருப்பான்.

"என்ன, லாரி ஹாரனா?… உனக்கும் கேட்டுதா? தண்ணி லாரி எல்லா ரோட்லயும்தாண்டா ஓடுது… என்னது, உன் டோக்கன கூப்புட்டாங்களா? பதினெட்டா?… கொஞ்சம் கெஞ்சிக் கேளு, அடுத்தவங்கள முன்னாடி விடச் சொல்லு… ஆமா, கிட்ட வந்துட்டேன். இன்னும் இருபது நிமிஷம்."

கேசவன் உள்ளே ஓடினான். வெளியே ஓடி வந்தான். காருக்குள் ஏசி போட்டு உட்கார்ந்திருந்த சாம்பசிவனிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சுந்தரவல்லிக்கு ஜூஸ் அப்படி இனித்தது.

"…கத்தாத. கத்துனா சிக்னல் சீக்கிரம் விழுமா?… இருபது நிமிஷம்தானடா கேக்கறேன். ஒரு இருபது நிமிஷம் ஒருத்திக்காக நின்னா என்ன கொறஞ்சிடும்?… ஹலோ?… ஏன் பேச மாட்டேங்கற? லைன்ல இருக்கியா?… ஞாபகம் வந்துடுச்சா?"

எதிர்ப்புறம் கேசவனின் நடை நின்றுவிட்டது.

"போன கார்த்திகை. அன்னிக்கும் செவ்வாக்கிழமைதான்… இல்ல, நீ பேசாத, நான் பேசறேன். அப்பா காலைல ஆறு மணிக்குப் போனாரு. எனக்கு யாரு சொன்னா? நீயா? பக்கத்து வூட்டு சாவித்ரி அக்கா சொன்னாங்க, மத்தியானம் ஒரு மணிக்கு. நாவலூர் ஆபீஸ்லேர்ந்து போட்டது போட்டபடி ஓடி வந்தேன். வண்டலூர்ல மாட்டிக்கிட்டேன். உனக்கு போன் பண்ணேன். என்னா கேட்டேன்?… சொல்லுடா, என்னா கேட்டேன்?… ஆங். இருபது நிமிஷம். மொகத்த ஒரு தடவ பாத்துக்கறேன்டா, இருபது நிமிஷம் நில்லுடான்னு கேட்டேன். மூணு மணிக்கு மேல ராகு காலம், நிக்க முடியாதுன்ன."

அன்று அவள் வந்து இறங்கியபோது மணி மூன்று பத்து. வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத்தில் இரண்டு சாமந்தி இதழ்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. சுடுகாட்டுக்கு ஓடினால் பெண்கள் வரக்கூடாது என்று கேட்டிலேயே மறித்துவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக மகனுக்குத் தெரியாமல் தினமும் காய்கறிக் கடையில் நின்று மகளோடு போனில் பேசிய மனுஷன் அவர். அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ஆத்திரம் எட்டு மாதமாக அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

"…அழாத. அழுதா நேரம் ஓடாம நிக்குமா?… மன்னிப்பா? இப்பவா கேக்கற? டோக்கன் நம்பரக் கூப்புட்டப்புறமா?… என் காலுல விழறியா? எங்க விழுவ, ரோட்லயா?… இல்ல, இந்தப் பணத்த வெச்சு நீ வாங்கப் போற நாவலூர் ஃபிளாட் கத எனக்குத் தெரியும். இந்த மாசத்துக்குள்ள பணம் கட்டலன்னா அது உனக்குக் கெடையாது. தெரிஞ்சுதான் வந்தேன்… ஆமா. வந்துட்டேன். மணி என்ன ஆச்சு?… சத்தமாச் சொல்லு… மூணு ஒண்ணா? சரி. இப்ப நிமிந்து பாரு. ரோட்டுக்கு இந்தப் பக்கம். ஜூஸ் கட. வாழத்தாருக்குப் பின்னால… ஆங், நான்தான்."

கேசவன் பார்த்தான். அவள் காலி டம்ளரைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டு மணிலேர்ந்து இங்கதான் உக்காந்திருக்கேன்… பாவியா? இருக்கட்டும். இப்ப வரட்டுமா? பேனா, ஆதார் எல்லாம் ரெடி. ராகு காலத்துல கையெழுத்துப் போட எனக்கு ஒண்ணும் பயமில்ல. நீ போடுவியா?… சாம்பசிவன் சாரக் கேளேன்… ஓ. கார எடுத்துட்டாரா?… ஆமா, தெரியுது. இண்டிகேட்டர் போட்டுட்டாரு. தாம்பரம் பக்கம் திரும்பறாரு. நல்ல மனுஷன், உனக்குக் கைகூட ஆட்டாமப் போறாரு…"

காருக்குப் பின்னால் பத்தடி ஓடிய கேசவன், மூச்சு வாங்க நடுரோட்டில் நின்றான். ஆட்டோக்காரர்கள் அவனைத் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள். சுந்தரவல்லிக்கு வயிறு குளிர்ந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு போனை மறுபடி காதில் வைத்தாள். அன்றைக்குச் சுடுகாட்டிலிருந்து திரும்பி, கழுவிவிட்ட வாசலில் நின்று அவன் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவன் குரலிலேயே, நிதானமாகச் சொன்னாள்.

"என்ன பண்றது கேசவா… நேரத்துக்கு வந்திருக்கணும்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பது எதிரே தெரிந்தது. அவள் லைனைத் துண்டித்தாள்.