ஆத்தாவுக்கு எழுதிய வீடு

கடந்த ஜனவரி மாதம் இதே காவல் நிலையத்தில் விசாரிக்கப்பட்டபோது நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு சொல். என் தந்தை என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பதே அது. அன்று கதவு திறந்திருந்தது, வெளிக்கூடத்தில் எங்களைப் போலவே ஏமாந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கேள்வி மலாயில் இருந்தது. அந்தச் சொல்லை நான் எந்த மொழியிலும் வெளியாட்களிடம் சொன்னதில்லை. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். அதைச் சொல்வதற்காகவே இன்று நானாக வந்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் ஹஸ்ருல் அனுமதித்ததன் பேரில் நான் தமிழில் சொல்கிறேன். கோப்ரல் காஜா மொய்தீன் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார். மலாய் மொழிபெயர்ப்பு பின்னர் இணைக்கப்படும் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது.

என் பெயர் கண்ணம்மை. தந்தை பெயர் சொக்கநாதன், காலமாகிவிட்டார். எனக்கு வயது 29. மணமாகவில்லை. ஜார்ஜ்டவுனில் டத்தோ கெராமட் சாலையை ஒட்டிய சந்தில் உள்ள மாடி வீட்டில் என் தாயார் சிகப்பியுடன் வசிக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் வேலை செய்கிறேன். இந்த வாக்குமூலம் அந்த வீட்டைப் பற்றியது. அது எங்கள் கையை விட்டுப் போனால் எங்களுக்கு வேறு வீடு இல்லை.

வீடு முதலில் என் தந்தையின் தாயார் பெயரில் இருந்தது. அவர் 1993ஆம் ஆண்டு இறந்தார். அவரை நான் பார்த்ததில்லை. அதன் பிறகு வீட்டைத் தம் பெயருக்கு மாற்ற என் தந்தை பல ஆண்டுகள் அலைந்து, கடைசியில் மாற்றினார். அவர் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். மதிய உணவு நேரத்தில் நிலப் பதிவு அலுவலகத்துக்கு ஓடிப்போய் வரிசையில் நின்றுவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவருவார் என்றும், மாலையில் அந்தச் சோற்றை அம்மா அவருக்கு முன்னால் வைக்காமல் தாமே சாப்பிட்டுவிடுவார் என்றும் பின்னர் கேள்விப்பட்டிருக்கிறேன்.

நான் 1996இல் பிறந்தபோது எங்கள் குடும்ப வழக்கப்படி தந்தையின் தாயார் பெயரை எனக்கு வைத்தார்கள். நாங்கள் செட்டிநாட்டு வழி வந்தவர்கள். பெற்றவளின் பெயரைப் பிள்ளை வாயால் சொல்வதில்லை, மாமியாரின் பெயரை மருமகள் சொல்வதில்லை. ஆகவே கண்ணம்மை என்ற பெயர் எங்கள் வீட்டில் எழுதுவதற்கு மட்டுமே பயன்பட்டது. அம்மா என்னை 'இந்தாம்மா' என்பார். அப்பச்சி, அதாவது என் தந்தை, தம் தாயாரைக் கூப்பிட்டது போலவே என்னை 'ஆத்தா' என்று கூப்பிட்டார். ஆத்தா என்றால் எங்களில் தாய். அந்த இடம் என்னால் நிரம்பிவிட்டதால் நான் என் தாயாரை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தேன்.

கூப்பிட்டது மட்டுமல்ல, எனக்கு மரியாதையும் கொடுத்தார். வா, போ என்று ஒருநாளும் சொன்னதில்லை. தைப்பூசத்துக்கு முன்தினம் வெள்ளி ரதம் எங்கள் சந்து முனையைக் கடக்கும்போது என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "ஆத்தாவுக்குத் தெரியுதா? நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு முன்னால் நின்ற ஒருவரின் தலையும் கற்பூரப் புகையும்தான் தெரியும். தெரிகிறது என்று சொல்வேன். ஒருமுறை கணிதத்தில் தோற்றுப் புள்ளி அட்டையைக் கொண்டுவந்தபோது, அதைப் பார்த்துவிட்டு, தலைக்கு மேல் சுற்றிய விசிறியை, "என்ன சத்தம் போடுற நீ? ஒழுங்கா வேலை செய்யத் தெரியாதா?" என்று நெடுநேரம் திட்டினார். அதன் பிறகு கையொப்பமிட்டு அட்டையை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று அப்படிக் கூப்பிட்டதை வகுப்புத் தோழி துளசி கேட்டுவிட்டாள். "உங்கப்பாவுக்கு நீ அம்மான்னா, உனக்கு நீயே பாட்டியா லா?" என்றாள். ஆமாம், பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசு என்று சொன்னேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் என்னைப் பாட்டி என்றே கூப்பிட்டாள். இதை வீட்டில் சொன்னபோது அப்பச்சி சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்றார்.

அதன் பிறகு 2017ஆம் ஆண்டு, ஒரு கல்யாண விருந்தில், நிழற்குடை டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் முகவர் தயாளன் என்பவரை என் தந்தை சந்தித்தார். சொத்தை அந்த நிறுவனத்திடம் ஒப்படைத்து, யாருக்குச் சேரவேண்டும் என்று எழுதிவைத்தால், இறப்புக்குப் பிறகு பிள்ளைகள் நிலப் பதிவு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று தயாளன் எல்லாரிடமும் பேசினார். வரிசை என்ற சொல்தான் என் தந்தையைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். அதே மாதம் தயாளனை வீட்டுக்கு வரவழைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த நிறுவனத்துக்கு இத்தகைய தொழில் செய்ய உரிமம் இல்லை என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. நான் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் இருந்தார்.

அப்பச்சி 2022இல் இறந்தார். காரியங்கள் முடிந்த பிறகு அம்மாவும் நானும் நிறுவனத்துக்குப் போனோம். மைலோ பானம் கொடுத்து உட்காரவைத்தார்கள், அவசரம் இல்லை, எல்லாம் தானாக நடக்கும் என்றார்கள். அடுத்த ஆண்டு போனபோது மைலோ இல்லை. அதற்கடுத்த ஆண்டு இரும்புக் கதவு இறக்கியிருந்தது. அதன் பிறகு நிறுவனத்தைக் கலைத்து அதன் சொத்துகளைப் பிரிக்க நீதிமன்றம் ஓர் அதிகாரியை நியமித்தது. அவருடைய அலுவலகத்துச் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீடு அதில் இருந்தது. சேரவேண்டியவர் கண்ணம்மை, உறவு 'ஈபு', அதாவது தாய், 1993இல் காலமானவர், உரிமை கோர ஆள் இல்லாததால் ஏலத்துக்கு உரியது என்று எழுதியிருந்தது. அடையாள அட்டை எண் என் தந்தையின் தாயாருடையது. வீட்டின் பழைய பத்திரத்திலிருந்து அதை நிறுவனத்தினர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஈபு என்ற சொல்லைப் படித்தவுடன் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அதன் பிறகு இங்கே புகார் கொடுத்தேன். சேரவேண்டியவர் நான்தான் என்றேன். அப்படியானால் தாய் என்று ஏன் எழுதியிருக்கிறது, பெயர் ஒன்றாக இருப்பதைப் பயன்படுத்திக்கொள்கிறாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவர் கேட்டது தவறில்லை. நான் பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

அம்மா அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். "அவுக கூப்பிட்டதச் சொல்றதுக்கு உனக்கு என்ன?" என்றார்.

"அது வீட்டுக்குள்ள உள்ளதும்மா."

"வீட்டையே கேக்குறாக. வீட்டுக்குள்ள உள்ளத மட்டும் வெச்சு நீ என்ன செய்யப்போற?"

அதன் பிறகு தயாளனைத் தேடிப்போனேன். அவர் சுங்கை பினாங் அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறார். அவருடைய வீட்டு இரும்புக் கம்பிக் கதவில் யாரோ சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தார்கள். மரக்கதவை மட்டும் திறந்து, கம்பிக்குப் பின்னால் நின்று பேசினார்.

"தங்கச்சி, நான் ஓடிப் போகல. ஓடிப்போக பெட்ரோல் இல்ல. எங்க மாமியார் காசையும் அதுலதான் போட்டேன். இப்ப என் தட்டுல சோறு வைக்கும்போது அவங்க பாக்கிற பார்வை இருக்கே, அதுக்கு இந்தச் சாயமே தேவலாம் லா."

காசுக்காக வரவில்லை என்று சொல்லி, கையெழுத்தான அன்று என் தந்தை அவரிடம் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன்.

"வீடு யாருக்குண்ணேன்னு கேட்டேன். ஆத்தாவுக்குன்னாரு. பேரு சொல்லுங்கண்ணேன்னா சொல்லல, பேனாவ வாங்கி அவரே எழுதினாரு. பெத்த தாய் பேர வாயால சொல்லமாட்டாரு போலன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மகனான்னு நெனச்சுக்கிட்டே ஈபுன்னு எழுதினேன்."

"அந்த ஆத்தா நான்தான் அண்ணே" என்றேன்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்களா? அப்ப நான் செத்துப்போனவங்களுக்கா எழுதிக் குடுத்தேன்?" என்றார். பிறகு, "அண்ணன் ஒரு வார்த்த, எம் மகள்னு சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் அப்படிச் சொல்லிப் பழகியவர் இல்லை என்று சொன்னேன். என்னோடு நிலையத்துக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். தம்மையே பிடித்து உள்ளே வைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் சட்டை மாற்றிக்கொண்டு வந்து கம்பிக் கதவைத் திறந்தார். அவர் இப்போது வெளியே காத்திருக்கிறார். அவருடைய வாக்குமூலம் தனியாகப் பதிவு செய்யப்படும் என்று அறிகிறேன்.

இன்று கோப்ரல் காஜா மொய்தீன் என்னிடம், உங்கள் தந்தை உங்களை அப்படிக் கூப்பிட்டார் என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லும் தயாளனுடைய வாய்ச்சொல்லும் தவிர வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டார். உண்டு. கையெழுத்தான அன்று மாலை என் தந்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் செய்தி ஒன்று என் தொலைபேசியில் இருக்கிறது. தொலைபேசி மாற்றிய ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் மாற்றுவேன். அவர் இறந்த பிறகு அதை நான் தனியாகத்தான் கேட்டிருக்கிறேன், அம்மாவுக்குக் கூடப் போட்டுக் காட்டியதில்லை. இன்று இந்த மேசை மேல் வைத்து ஒலிக்கவிட்டேன். அதில் உள்ள வார்த்தைகள் பின்வருமாறு:

"ஆத்தா, படிச்சுக்கிட்டு இருக்கீகளா? வீட்ட உங்க பேருக்கு எழுதியாச்சு. இனிமே நாங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுல வாடகைக்கு இருக்கோம். பாத்து, கொஞ்சமா வாடகை போடுங்க. இங்க நல்ல மழை. வெச்சிரட்டுமா?"

செய்தியின் பின்னணியில் முன்வாசல் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்கிறது. அந்தத் தகரத்தை இப்போது மாற்றிவிட்டோம்.

இன்ஸ்பெக்டர் ஹஸ்ருலுக்குத் தமிழ் தெரியாது. இரண்டாம் முறை ஒலிக்கவிடச் சொன்னார். முதல் வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கோப்ரலிடம் கேட்டார். கோப்ரல் சற்று யோசித்து, அதற்கு ஈபு என்றுதான் அர்த்தம், ஆனால் ஈபு என்று எழுதினால் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்து நிற்போம் துவான் என்றார். தம் வீட்டில் இரண்டு வயதுப் பேரனை வாப்பா, அதாவது தந்தை, என்று கூப்பிடுவதாகவும், அந்தப் பையன் பெயரில் வீடு எழுதும்போது தாம் கவனமாக இருக்கப்போவதாகவும் சொன்னார். இன்ஸ்பெக்டர் சிரித்தார். பிறகு அந்தச் சொல்லை மொழிபெயர்க்க வேண்டாம், மலாய் எழுத்தில் ஆத்தா என்றே இருக்கட்டும், பக்கத்தில் விளக்கம் எழுதுங்கள் என்றார். விளக்கத்தை நானும் கோப்ரலும் சேர்ந்து சொல்லிச் சரிபார்த்தோம். குரல் செய்தியின் நகலை வழக்குப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்து அதற்குத் தனியாக ஒப்பமிட்டிருக்கிறேன். இனி அதை வழக்கறிஞர்களும் நீதிமன்றத்தில் உள்ளவர்களும் கேட்பார்கள் என்பது எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது. எனக்கு ஆட்சேபம் இல்லை.

தயாளன் மீது எனக்குத் தனிப்பட்ட புகார் இல்லை. என் தந்தை சொன்னதைத்தான் அவர் எழுதியிருக்கிறார்.

மேலே உள்ள எல்லாவற்றையும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானே சொன்னேன். எழுதியதைக் கோப்ரல் காஜா மொய்தீன் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். சேர்க்கவோ நீக்கவோ எதுவும் இல்லை. அத்தனையும் உண்மை என்று கீழே ஒப்பமிடுகிறேன்.

கண்ணம்மை த/பெ சொக்கநாதன்
ஜார்ஜ்டவுன், 18 மார்ச் 2025

(என்னிடம் உள்ள நகலில் பின்னர் எழுதிக்கொண்டது)

செப்டம்பர் மாதம் நீதிமன்றம் வீட்டை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கி, என் பெயருக்கு மாற்ற உத்தரவிட்டது. ஜனவரியில் என்னோடு வெளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு வீடு திரும்பக் கிடைக்கவில்லை. பெயரும் உறவும் எண்ணும் சரியாக இருந்த வீடுகளை நிறுவனம் மூடுவதற்கு முன்பே விற்றுவிட்டிருந்தது. எங்கள் வீட்டையும் விற்க இரண்டு முறை முயன்றிருக்கிறார்கள். சேரவேண்டியவர் முன்பே இறந்துபோனவர் என்பதால் நிலப் பதிவு அலுவலகம் இரண்டு முறையும் மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.