யோசிக்காமல் ஆடக்கூடிய ஒரு பதில்

மார்ச் 9, திங்கள்

வெள்ளிக்கிழமை ஆட்டத்தைக் குறித்து வைத்தபோது ஒரு தவறு செய்துவிட்டேன். ஆறாவது நகர்த்தலில் பிஷப்பை e7 கட்டத்தில் வைத்ததாக எழுதியிருக்கிறேன். d6-இல்தான் வைத்தேன். ஒரு கட்டம் பிசகியதால் குடி முழுகிப் போகாது என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி விட்டுவிட முடிவதில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். என் கை இழையளவு தவறினால் யாரோ ஒருவருக்குப் படிக்கட்டு இரண்டாகத் தெரியும்.

அதைத் திருத்த உட்கார்ந்தபோது, மற்றதையும் ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார், அக்கா கேட்டாள், வகுப்பை நடத்தும் மேடமும் கேட்டார். மூவருக்கும் சுருக்கமாகச் சொன்னேன். சுருக்கம் பொய்யாகாது. ஆனாலும் போதாது.

நூலக மாடியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடக்கும் சதுரங்க வகுப்பு அது. என்னை அதில் சேர்த்துவிட்டதே அத்தான்தான். என் அக்காவின் கணவர். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அவர் வீட்டுப் பின்னறையில்தான் நான் இருக்கிறேன். வெள்ளைக் காய் கிடைத்தால் அவர் தொடங்கும் விதம் ஒன்றே ஒன்று: ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், இரண்டு கட்டம்.

"மெயின் ரோடு இருக்கும்போது சந்துல ஏன்டா பூரணும்?" என்பார்.

அதற்கு என்ன பதில் ஆடுவது என்பதுதான் ஒரு வருஷமாக என் கவலை. முதலில், அவர் நீட்டுகிற இரண்டாவது சிப்பாயை வெட்டிப் பார்த்தேன். ஓசியில் கிடைத்தது என்று எடுத்தேன். எடுத்ததைக் காப்பாற்றப் போய் வீட்டையே இழந்தேன். பிறகு கிங்ஸ் இந்தியன். நடுப் பலகை முழுவதையும் அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பின்னால் அடிக்கலாம் என்று காத்திருக்கும் ஆட்டம். காத்திருந்தேன், அடிக்கும் நேரம் வரவே இல்லை. அடுத்து ஆடிப் பார்த்த ஸ்லாவ் தொடக்கம் கொஞ்சம் பிடித்திருந்தது. கறுப்பின் சிப்பாய்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஆனால் அதில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எனக்கு இரண்டு எண்ணம் வரும். இதுவா, அதுவா என்று பார்த்து முடிப்பதற்குள் என் நேரம் தீர்ந்துவிடும்.

மேடம் ஒருநாள் என் பலகைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ யோசிக்கிறது தப்பில்லப்பா. உன் கடிகாரம் ஓடும்போது யோசிக்கிறியே, அதுதான் தப்பு. யோசிக்காம ஆடற மாதிரி ஒரு பதிலைப் பிடிச்சுக்கோ. வீட்டுலயே யோசிச்சு முடிச்சுட்டு வா."

நல்ல யோசனை. அதை அப்படியே செய்தேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சாப்பாட்டு மேசை பற்றியும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏதோ மனதில் வைத்திருந்தேன் என்று யாராவது நினைக்கலாம். சனிக்கிழமை மதியம் அத்தான் உப்பு டப்பாவை ராஜாவாக்கி, ஸ்பூன்களைச் சிப்பாய்களாக்கி முந்தைய நாள் ஆட்டத்தை அக்காவுக்குக் காட்டுவார்.

"பாரு, உன் தம்பி இண்டிகேட்டர் போடாம லெஃப்ட்ல திரும்பறான். நான் என்ன பண்ணட்டும்? இடிச்சுட்டேன்."

"போதும் விடுங்க, பாவம் அவன்."

"பாவம்தான். லைசன்ஸ் இல்லாத பாவம். மச்சான், அடுத்த வாரம் பிரேக்காவது போடு."

அக்கா சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது என்னைத் தோளில் சாய்த்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர். இதையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் ஒரு ஆட்டம் வழக்கத்தைவிட நீண்டது. அத்தானின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தன் யானையை என் குதிரை வெட்டும் இடத்தில் கொண்டுவந்து வைத்தார். அப்படி ஒரு தவறை அவர் செய்து நான் பார்த்ததில்லை. வெட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு குளுக்கோஸ் மிட்டாயை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, யானை இல்லாமலே என்னை ஜெயித்தார்.

"சுகர் இறங்கிடுச்சுடா. ரிசர்வ்ல வண்டி ஓட்டினேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்குச் சர்க்கரை நோய். மாலையில் ஊசி போட்டுக்கொண்டால் உடனே சாப்பிட வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். புதிதாகத் தெரிந்தது யானை விஷயம் மட்டும்தான்.

அதற்குப் பிறகுதான் ஸ்டோன்வாலைத் தேர்ந்தெடுத்தேன். கல் சுவர் என்று பொருள், பெயருக்கேற்ற ஆட்டம். கறுப்பு தன் சிப்பாய்களை நடுவில் பூட்டிவிடும். வெள்ளை எங்கே போனாலும் கறுப்பின் முதல் ஏழெட்டு நகர்த்தல் பெரும்பாலும் மாறாது. பலகை அடைத்துக்கொண்டு கிடப்பதால் சீக்கிரம் முடியாது. வழி தேட வேண்டியது வெள்ளையின் வேலை. கறுப்பு சும்மா நின்றால் போதும். இதில் இன்னொரு வசதியும் இருந்தது. எங்கள் வகுப்பில் ஒரு விதி: யாருடைய கடிகாரம் ஓடுகிறதோ அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கவோ வெளியே போகவோ வேண்டுமென்றால் எதிராளி யோசிக்கும்போதுதான் போகலாம். நான் யோசிக்கவே போவதில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டம் அணித் தேர்வுக்கானது. ஒரே இடம், எங்கள் இருவரில் ஜெயித்தவருக்கு. அவருக்கு வெள்ளை, எனக்குக் கறுப்பு. ஆளுக்கு ஒரு மணி நேரம். பழைய முள் கடிகாரம், நேரம் தீர்ந்தால் சின்ன சிவப்புக் கொடி விழும். நான் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்தாள்.

"காலையில மறந்துட்டுப் போயிட்டாருடா. அவர் பாக்கெட்டுல போட்டுடு. கையில குடுத்தா எங்கயாவது வச்சிடுவார்."

"சரிக்கா."

பையில் வைத்துக்கொண்டேன். பைகளை எல்லாம் கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் மாட்ட வேண்டும். மாட்டினேன். பொட்டலம் அதற்குள் இருந்தது. அவரிடம் இருந்ததை நான் எடுக்கவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன்.

அத்தான் மூச்சிரைக்க வந்தார். யாரோ ஒரு மாணவிக்கு ஓட்டுநர் தேர்வு தாமதமாகிவிட்டதாம்.

"ஊசியை வண்டியிலயே போட்டுட்டேன். சாப்பாட்டு டப்பாவும் வண்டியில இருக்கு. அஞ்சு நிமிஷம் குடுக்கிறியா மச்சான், ரெண்டு வாய் போட்டுட்டு வந்துடறேன்."

"கடிகாரத்தை ஓட விட்டுட்டாங்க அத்தான்," என்றேன். அது உண்மைதான். வெள்ளைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சரியான கறார் ஆளுடா நீ." சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சிப்பாய், இரண்டு கட்டம்.

நான் ராஜா பக்கத்து பிஷப்புக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிக் கடிகாரத்தை அழுத்தினேன். புருவத்தை உயர்த்தினார். அவர் ஆட ஆட நான் உடனுக்குடன் ஆடினேன். d6-இல் பிஷப் வந்தபோது சுவர் தயார். அவர் முதல் தடவை நீண்ட நேரம் யோசித்தார். ஆடிவிட்டு மேசையில் கை ஊன்றி எழப் போனார். அவர் முதுகு நிமிர்வதற்குள் நான் ஆடி, அழுத்திவிட்டேன். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"மூச்சு விட விடுடா," என்று மெதுவாகச் சொன்னார். நான் உதட்டில் விரல் வைத்தேன். ஆட்டத்தில் பேசக் கூடாது.

இப்படி மூன்று நான்கு தடவை நடந்தது. அதற்குப் பிறகு அவர் எழ முயலவில்லை. வியர்வை வந்தது. ஒரு குதிரையை எடுத்தார், கை நடுங்கியது, அதே இடத்தில் வைத்தார். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பதுகூட அவருக்கு நினைவில்லை. சட்டைப் பையைத் தடவினார். இடது பை, வலது பை, மறுபடி இடது. பிறகு என்னைப் பார்த்தார்.

"மச்சான். மிட்டாய்."

"உங்க மூவ் அத்தான்," என்றேன்.

அவர் என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துகொண்டாரா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. பிறகு இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு பலகையை நோக்கிக் குனிந்தார். சதுரங்கம் ஆடும் அறையில் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேடம் ஒருமுறை பக்கத்தில் வந்தார். பலகையைப் பார்த்தார், பூட்டிக் கிடந்த சிப்பாய்களைப் பார்த்தார், அவர் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று சத்தம் போடாமல் நகர்ந்துவிட்டார். வேறு எந்த இடமாக இருந்தாலும் யாராவது தோளைத் தொட்டிருப்பார்கள்.

கொஞ்சம் கழித்து முழங்கை சறுக்கி, அவர் நெற்றி மேசை விளிம்பில் சாய்ந்தது. மூச்சு குறட்டைபோல் வந்தது. அப்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பெரிய முள் கொடியைத் தொட்டுத் தூக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் விழவில்லை.

இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். ஆட்டத்தை நடுவில் நிறுத்தினால் முடிவு இல்லாமல் போய்விடும், மறுபடி ஒருநாள் வைப்பார்கள், மறுபடி அவர் சாப்பிட்டுவிட்டு வருவார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மேசைக்குக் கீழே அவர் செருப்பு என் காலில் இடித்து இடித்து நின்றது. கொடி விழுந்தது. கையைத் தூக்கி மேடத்தைக் கூப்பிட்டேன்.

"கொடி விழுந்துடுச்சு மேடம்," என்றேன். பிறகு, "அத்தானுக்கு என்னவோ ஆயிடுச்சு," என்றேன். இந்த வரிசையில்தான் சொன்னேன்.

மருத்துவமனையில் டாக்டர், "எவ்வளவு நேரமா இப்படி இருந்தார்?" என்று கேட்டார்.

"இப்பத்தான் சார்."

மூளைக்குச் சர்க்கரை போகாமல் இருந்த ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு என்று அவர் அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் பதிலைத் திருத்தவில்லை. அந்த நேரத்தில் திருத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். அக்கா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்ததால தப்பிச்சாருடா," என்றாள். மிட்டாயைப் பற்றிக் கேட்டாள். பாக்கெட்டில் போட்டேன், எங்கேயோ விழுந்திருக்கும் என்றேன். அவள் நம்பினாள். பொட்டலத்தை அன்றே நூலகத்துக்கு வெளியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

மேடம் இன்று கடைக்கே வந்து விசாரித்தார். முடிவை என் பெயரில்தான் பதிந்திருக்கிறாராம். "இதைப் பத்தி இப்போ பேச வேணாம்ப்பா, முதல்ல அவர் எழுந்து வரட்டும்," என்றார். சரி என்றேன்.

நான்கு நாளாக அவர் கண் திறக்கவில்லை. இன்று மாலை அக்கா கூப்பிட்டபோது விரலை அசைத்தார். நாளையோ மறுநாளோ நினைவு திரும்பலாம், திரும்பினால் முதலில் பேச்சு குழறும், ஆனால் கடைசியாக நடந்தது ஞாபகம் இருக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் நல்லபடியாக எழ வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நாளை செய்ய வேண்டியது: கடைக்கு லீவு சொல்வது. காலையிலேயே மருத்துவமனைக்குப் போய், அக்காவைத் தூங்குவதற்கு வீட்டுக்கு அனுப்புவது. அத்தான் பக்கத்தில் நானே உட்காருவது. அந்த வார்டு நர்ஸ் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்று கேட்டு வைப்பது.