பேசாத பெண்ணுக்கு ஆப்சென்ட்

விம்கோ நகர் ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு பெண்கள், கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டையோடு. குழந்தைகள் மனநலப் பிரிவில் பேர் கூப்பிடுகிற வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது. இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“பேசாத பொண்ணுக்கு ஆப்சென்ட் போட்டுட்டேன்க்கா.”

“இன்னாடி சொல்ற?”

“நெட்டுக்குப்பத்துலேர்ந்து வருமே, ஸ்கூல்ல வாயே தொறக்காதுன்னு, அந்த எட்டு வயசுப் பொண்ணு. பேரு கூப்ட்டேன், பதிலே இல்ல. அவங்கம்மா எப்பவும் போல ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்துச்சு.”

“அப்ப ஆப்சென்ட்தான். வாயால சொன்னாத்தான் டிக்கு.”

“என் எதிர் பெஞ்சுலதான்க்கா குந்தினு இருந்துச்சு.”

“எத்தினியாவது வாட்டி?”

“மூணாவது. ஃபைல மூடியாச்சு. ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ன்னு எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன். அந்தம்மா வந்து கத்துச்சு, யாரும் கண்டுக்கல.”

மூத்தவள் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் நீட்டினாள்.

“வுடுடி. இத்தயெல்லாம் மனசுல ஏத்திக்கினா வேல செய்ய முடியாது. துன்னு.”

அவள் வாங்கிக்கொண்டாள். ஆட்டோ ரயில்வே கேட்டில் நின்றது. கடலை அவள் உள்ளங்கையிலேயே இருந்தது.

“அக்கா, மூணு தபாவும் அது கையத் தூக்கிக்கினுதான்க்கா இருந்துச்சு.”